காண்டோர் மெக்கானிக்

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் சண்டை என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் நேராக 1948-க்குப் போய்விடுவார்கள். ஜூன் 16, தோட்டத்து வெள்ளைக்காரர்கள் மூன்று பேரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டது, அவசரகாலம், கம்பி வேலி. அதே ஊரில், சோமாலியாவின் தலைநகர் மொகாடிஷுவில் நடந்த சண்டைக்குப் போய்வந்த ஒருவர் லாரிப் பட்டறையில் வேலை செய்வது அநேகம் பேருக்குத் தெரியாது. அவர் என் தாய்மாமா.

தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்து, ஐந்தாம் பாரம் முடித்ததும் ராணுவத்தில் சேர்ந்தார். வண்டி பழுதுபார்க்கும் பிரிவு. 1993-இல் ஐ.நா. படையோடு சோமாலியாவுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் அமெரிக்கப் படை அங்கே கரையிறங்கியபோது, டிவி கேமராக்கள் கடற்கரையில் முன்கூட்டியே காத்திருந்தன. பஞ்சத்தில் சோறு கொடுக்கப் போனவர்கள்தான். ஜூனில் 24 பாகிஸ்தான் வீரர்கள் கொல்லப்பட்டதும் அது ஐடீட் என்ற ஒரு சோமாலியப் படைத்தலைவரைத் தேடிப் பிடிக்கும் வேலையாக மாறிவிட்டது. மாமா போன நேரம் அப்படி.

அக்டோபர் 3. ஐடீட்டின் ஆட்களைப் பிடிக்கப் போன அமெரிக்க ஹெலிகாப்டர்கள் இரண்டு சுடப்பட்டு விழுந்து, அமெரிக்கர்கள் நகரத்துக்குள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களிடம் அங்கே டாங்கியோ கவச வண்டியோ கிடையாது. பாகிஸ்தான் டாங்கிகளும் நம் காண்டோர் கவச வண்டிகளும்தான் மீட்கப் போகவேண்டும். கிளம்பும் முன் மலேசியக் காலாட்படையை இறங்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் அமெரிக்க வீரர்களை ஏற்றினார்கள். டிரைவரும் துப்பாக்கிக்காரரும் மட்டும் நம்மவர்கள். "எறங்குன பசங்களுக்கு மூஞ்சி செத்துப் போச்சு" என்பார் மாமா. எனக்கென்னவோ ஓட்டிப் போனவர்களை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. முன்பின் தெரியாத ஆட்களை ஏற்றிக்கொண்டு, இருட்டில், எரியும் தடைகளைத் தாண்டிப் போகவேண்டும்.

காண்டோர் ஜெர்மன்காரன் வண்டி, நான்கு சக்கரம். துப்பாக்கித் தோட்டாவைத் தாங்கும், தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி ராக்கெட் அடித்தால் அவ்வளவுதான். மெக்கானிக்குக்கு இது சாவி கொடுக்கும்போதே தெரியும். அதற்கு மேல் இருட்டிலும் தெரிகிற ஐ.நா. வெள்ளை பெயிண்ட் வேறு. மாமாவுக்கு ஐடீட் மேல்கூட இவ்வளவு கோபம் கிடையாது, அந்தப் பெயிண்டின் மேல்தான்.

காண்டோர் ஓட்டிய மாட் அஸ்னான் அவாங் திரும்பி வரவில்லை. அமெரிக்கர்கள் 18 பேர். நூற்றுக்கணக்கில் செத்த சோமாலியர்களுக்குச் சரியான கணக்கே இல்லை.

மறுநாள் வண்டிகள் வந்ததைப் பற்றி மாமா அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மட்டும் சொன்னார்: "டயர் மாத்துறது ஒன்னுமில்லடா. உள்ள கழுவுறதுக்குத்தான் நேரம் புடிச்சது."

அமெரிக்கர்கள் 1994 மார்ச்சில் கிளம்பினார்கள், ஐ.நா. அடுத்த மார்ச்சில். ஐடீட்டைப் பிடிக்கவே இல்லை. 21 வருடம் முடிக்காமல் மாமா வெளியே வந்துவிட்டதால் பென்ஷன் கிடையாது. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். பட்டறையில் எந்த லாரியையும் தொடுவார், விபத்தில் அடிபட்டு வந்ததை மட்டும் எடுக்கமாட்டார். பட்டறை முதலாளி தவுக்கே முதலில் கத்தினார், அப்புறம் அந்த வண்டிகளை வேறு பையனிடம் கொடுக்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஒட்டுக்கடையில் ஒரு பையன், மலேசிய டிரைவர்கள் பயந்து வழியில் நின்றுவிட்டார்களாமே என்று எதிலோ படித்ததைச் சொன்னான். மாமா தே தாரே டீயைக் கீழே வைத்தார்.

"நின்னிருப்பான். முன்னால ரோடு எரியுது, உள்ளாற இருக்குறவன் என்ன கத்துறான்னு புரியல. நீயா இருந்தா என்ன பண்ணுவ, சொல்லு?"

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் அப்பா அதற்குள் பில் கட்டப் போய்விட்டார்.