கழுத்துக்குள் ஒரு குடோன்

பல்லில் ஒன்றுமில்லை என்று பல் டாக்டர் சொன்னபோதே நான் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. இடது காதுக்குள் குத்துகிறது, தாடை ஓரம் இழுக்கிறது, எச்சில் விழுங்கினால் கழுத்தில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது. பல் இல்லையென்றால் காதுதான் என்று நானே முடிவுகட்டி மறுநாள் காது டாக்டரிடம் போனேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு சார்" என்றார். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். ஐந்து நாள் கழித்து வலி போகவில்லை, இடம்தான் மாறியிருந்தது. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கத்துக்குக் குடிபோயிருந்தது.

போன வருடம் பிப்ரவரியில் நடந்தது இது. பொங்கல் முடிந்த கையோடு வீட்டில் எல்லாருக்கும் சளியும் காய்ச்சலும் ஒரு சுற்று வந்து போயிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூல் கடையில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். அந்த மாதம் சாயங்காலம் ஆனால் உடம்பு கொதிக்கும். காலர் உரசினாலே வலிக்கும் என்று மேல் பட்டன்கள் இரண்டைத் திறந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு குறையவில்லை, ஆனால் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஐந்து கிலோ இறங்கியிருந்தது. ஒருநாள் கல்லாவில் நோட்டு எண்ணும்போது விரல் நடுங்கியதை முதலாளி பார்த்துவிட்டார். "என்னய்யா, ரூவாயப் பாத்தா கை நடுங்குது?" என்றார்.

என் மனைவிதான் முதலில் பிடித்தாள். "என்னங்க, ஒரு தடவை தைராய்டு பார்த்துடுவோமா?"

"அது பொம்பளைங்களுக்கு வர்றது" என்றேன். சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன், என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு வந்த வகைகூடப் பெண்களுக்குத்தான் நாலைந்து மடங்கு அதிகம் வருமாம். அதற்காக ஆண்களுக்கு விலக்கு எழுதிக் கொடுக்கப்படவில்லை.

ரத்தம் கொடுத்தோம். தைராய்டைச் சுரக்கச் சொல்கிற ஹார்மோனான டி.எஸ்.எச். 0.02. ஏறத்தாழ 0.4-லிருந்து 4 வரை இருக்க வேண்டியது. தைராய்டு சுரக்கிற ஹார்மோனான டி4 எக்கச்சக்கம். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிய டாக்டர், "தைராய்டு அதிகமா சுரக்குது" என்று கார்பிமசோல் மாத்திரை எழுதினார். என் கழுத்தை அவர் தொடவே இல்லை. அப்போது அது எனக்குத் தப்பாகப் படவில்லை, ரிப்போர்ட் இருக்கும்போது கழுத்து எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். மூன்று வாரம் விழுங்கினேன். வலி அப்படியே இருந்தது.

பிறகு மதுரைக்குப் போனோம், ஹார்மோன் டாக்டரிடம். அந்த அம்மா ரிப்போர்ட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து, என் பின்னால் நின்று, இரண்டு கை விரல்களாலும் தொண்டைக்குழிக்கு மேலே லேசாகத் தடவினார். நாற்காலியோடு துள்ளிவிட்டேன். "இதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏதும் வந்துச்சா?" என்று கேட்டார். அப்புறம், "முடிக்காக பயோட்டின் மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்றார். என் தலையைப் பார்த்தவர்கள் யாரும் கேட்காத கேள்வி. நல்ல வேளை, என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பயோட்டின் அதிகமாக எடுத்தால் சில லேப் கருவிகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைத்துக் காட்டுமாம், அதற்காகக் கேட்டிருக்கிறார்.

உடம்பில் அழற்சி இருந்தால் ஏறுகிற ஈ.எஸ்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார். 92 வந்தது, மிக அதிகம். கையில் ஊசி போட்டுக் கழுத்தைப் படம்பிடிக்கிற டெக்னீசியம் ஸ்கேனும் எடுத்தார்கள். படத்தில் பட்டாம்பூச்சி மாதிரி தெரிய வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. சுரப்பியே காணாமல் போய்விட்டதோ என்று பயந்துபோனேன்.

இந்த இடத்தில்தான் நான் பிழைப்புக்குப் பார்க்கிற வேலை எனக்கு உதவியது. டாக்டர் சொன்னதை நூல் கடைக் கணக்காக மாற்றிக்கொண்டேன்.

தைராய்டு சுரப்பி ஒரு மில் மட்டும் அல்ல, குடோனும்தான். உள்ளே கண்ணுக்குத் தெரியாத உருண்டை அறைகள். ஒவ்வோர் அறையிலும் கூழ் மாதிரி ஒரு பொருள், அதில் ஹார்மோன் சரக்கு. இரண்டு மூன்று மாதத்துக்குத் தாங்குகிற இருப்பு எப்போதும் இருக்கும். எவ்வளவு அனுப்ப வேண்டும், எவ்வளவு நூற்க வேண்டும் என்று மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி ஆர்டர் போடுகிறது. அந்த ஆர்டர்தான் டி.எஸ்.எச். ஊரில், அதாவது ரத்தத்தில், சரக்கு குறைந்தால் ஆர்டர் ஏறும், சரக்கு மிஞ்சினால் ஆர்டர் இறங்கும்.

என் ஆர்டர் 0.02. அதாவது ஊரில் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. ஆனால் ஏன் கொட்டிக் கிடக்கிறது? இரண்டு காரணம் இருக்கலாம். ஆர்டர் இல்லாமலே மில் ராத்திரி பகலாக ஓடுகிறது என்பது ஒன்று. கிரேவ்ஸ் நோயில் நடப்பது அதுதான். குடோன் சுவர் இடிந்து இருப்பெல்லாம் தெருவில் கொட்டிவிட்டது என்பது இன்னொன்று. டி.எஸ்.எச்., டி4 மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெளியே நிற்கிறவனுக்கு வியாபாரம் அமோகம்!

எனக்கு நடந்தது சுவர் இடிந்தது. வைரஸ் காய்ச்சல் போன சில வாரத்தில் சுரப்பி வீங்கி அழன்று, அறைகள் உடைந்து, சேர்த்து வைத்த ஹார்மோன் ரத்தத்தில் கலந்துவிட்டது. இதைத் தைராய்டு அழற்சி, தைராய்டிடிஸ் என்கிறார்கள். அதிலும் வலியோடு வருகிற இந்த வகைக்கு டி குவர்வெய்ன் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவரின் பெயர், 1904-இல் இதைத் தெளிவாக எழுதி வைத்ததால். என் தங்கை பிள்ளை பெற்று, குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலி என்று அழுதாளே, அந்த வலிக்கும் இதே மனிதர் பெயர்தான். எங்கள் குடும்பத்தை விடமாட்டார் போல.

சரி, மில் ஓடவே இல்லாதபோது மில்லை நிறுத்துகிற மாத்திரை எதற்கு? கார்பிமசோல் புது உற்பத்தியைத் தடுக்கும். தெருவில் கொட்டிய சரக்கை அள்ளாது. ஸ்கேனில் சுரப்பி தெரியாததற்கும் இதுதான் காரணம்: ஆர்டர் வராத மில் கச்சாப் பொருள் வாங்குமா? அயோடினைப் போல அந்த ஊசி மருந்தையும் அது உள்ளே இழுக்கவில்லை. அந்த மாத்திரையில் இன்னொன்றும் உண்டு. அரிதாக ரத்தத்தில் வெள்ளை அணுக்களைத் தரைமட்டமாக்கிவிடும்; தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் உடனே நிறுத்தி ரத்தம் பார்க்க வேண்டும். எனக்கோ மாத்திரை தொடங்கும் முன்பே காய்ச்சலும் கழுத்து வலியும் இருந்தன. எதை வைத்து எச்சரிக்கையாவது? மூன்று வாரமும் இதை யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

மதுரை டாக்டர் கார்பிமசோலை நிறுத்தினார். நடுக்கத்துக்கும் படபடப்புக்கும் ப்ரொப்ரனலால், வலிக்கு வலி மாத்திரை. அது போதவில்லை என்றதும் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 40 மில்லிகிராம். இரண்டாவது நாள் காலையில் இட்லியை வலியில்லாமல் விழுங்கினேன். அழுகை வந்துவிட்டது.

அதற்கப்புறம் செய்தது என் சொந்த முட்டாள்தனம். ஆறு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர், "ஸ்டீராய்டா? எலும்பை அரிச்சிடுமே" என்றார். அன்று ராத்திரியே நிறுத்தினேன். நாலாம் நாள் வலி திரும்பி வந்தது, இந்தத் தடவை இரண்டு பக்கமும். போனில் டாக்டர், "படிக்கட்டுல இறங்கச் சொன்னா மொட்டை மாடியிலேர்ந்து குதிச்சுட்டீங்களே சார்" என்றார். மறுபடி முதல் படியிலிருந்து.

ஜூனில் வேறு கூத்து. ராஜபாளையத்து ஜூனில் நான் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். பேரேட்டின் மேல் தலை கவிழ்ந்து தூங்கினேன். டி.எஸ்.எச். 14. குடோன் காலி, சுவர் இப்போதுதான் பூசுகிறார்கள், ஊரில் சரக்குத் தட்டுப்பாடு, ஆர்டர் மேல் ஆர்டர். இதுவும் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. மாத்திரை கொடுக்கவில்லை, ஆறு வாரம் பொறுக்கச் சொன்னார். இந்த வகையில் பெரும்பாலானவர்களுக்குச் சுரப்பி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும், சிலருக்கு மட்டும் நிரந்தரக் குறைவு தங்கிவிடும்.

தைராய்டுக்கு ஆகாது என்று என் அம்மா இதற்குள் முட்டைக்கோஸ் பொரியலை வீட்டிலிருந்தே ஒழித்துவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மனைவியுடையது வேறு கதை. இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாவது மாதம் அவளுக்குப் படபடப்பு, தூக்கமின்மை. ஏழாவது மாதம் முடி கொட்டல், எதிலும் பிடிப்பில்லாத சோர்வு. "பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்" என்று வீடே சொன்னது, நானும் சொன்னேன். அதுவும் குடோன் உடைந்த கதைதான், வலி மட்டும் இல்லை. நூறு தாய்மாரில் ஐந்து பேருக்கு ஒரு வருடத்துக்குள் இது வருகிறதாம். அவளுக்கு டி.பி.ஓ. எதிர்ப்பொருள் மிக அதிகம், அதாவது உடம்பின் காவல்காரனே குடோனை இடிக்கிறான். அதனால் சுரப்பி பழைய நிலைக்குத் திரும்பவில்லை, ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு நோயாக நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குரிய ஹாஷிமோட்டோ ஜப்பானிய டாக்டர். 1912-இல் நாலு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதிவிட்டு, பிறகு சொந்த ஊருக்குப் போய் சாதாரண டாக்டராக வைத்தியம் பார்த்தார். 1934-இல் டைஃபாய்டில் இறந்தார். தன் பெயர் இத்தனை வீட்டுச் சமையலறையில் புழங்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஒன்பது வருடமாக அவள் விடிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரையைப் போட்டுவிட்டு, காப்பிக்கு ஒரு மணி நேரம் காத்திருக்கிறாள். டிகாக்‌ஷன் இறங்குகிற வாசனையில் உட்கார்ந்து காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் போன வருடம்தான் உறைத்தது.

அக்டோபரில் இரண்டு பேரும் ஒன்றாக லேபுக்குப் போனோம். ஊசியோடு வந்த பையன், "யாருக்கு சார் தைராய்டு?" என்றான்.

"எனக்குத்தான் தம்பி" என்றாள் அவள். "இவருக்கு வந்துட்டுப் போயிடுச்சு."

டி.எஸ்.எச். எனக்கு 2.6. அவளுக்கு 3.1. ஆறு மணிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது, வாசலில் இருந்த கடையில் முதலில் அவளுக்குத்தான் காப்பி வாங்கினேன்.