நாலாவது விடயம்

எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பழைய மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணை என்று கேட்ட தம்பியிடம், கன்டீன் கதை எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அதை எழுதப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் எழுதப்போவது கூட்டங்களைப் பற்றி. சிரிக்காதீர்கள்.

1992 இல் விஞ்ஞான பீடத்துக்குள் நுழைந்தேன். ஊரில் யாரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று வாய் நிறையச் சொல்வதில்லை. கம்பஸ்தான். ஏன் அந்தப் பெயர் என்று எனக்கு விளங்கப்படுத்தியவர், பீட அலுவலகத்தில் ரோனியோ, அதாவது கையால் சுற்றிப் பிரதி எடுக்கும் இயந்திரம், சுற்றும் ஐயா. 1974 ஆகஸ்ட் முதலாம் தேதி அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத்தான் தொடங்கியது. தனிப் பல்கலைக்கழகம் ஆனது 1979 ஜனவரியில். "சட்டம் மாறிப் போச்சு தம்பி, சனத்தின்ர வாய் மாறேல்லை" என்பார் ஐயா.

மை பிரண்ட கையோடு அவர் இன்னும் நிறையச் சொல்வார். சேர் பொன். இராமநாதன் 1921 இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களிலேதான் திருநெல்வேலியில் வளாகம் குடிபுகுந்தது. உள்ளே இருக்கிற கோயிலும் அந்தக் காலத்தது. விஞ்ஞான மாணவர்கள் முதலில் படித்தது வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில். தமிழருக்குப் பல்கலைக்கழகம் திருகோணமலையிலா யாழ்ப்பாணத்திலா என்ற சண்டை அதற்கு முன்பே வருடக்கணக்காக நடந்திருந்தது. தொடங்கும்போது வளாகத் தலைவர் பேராசிரியர் கைலாசபதி. தனிப் பல்கலைக்கழகம் ஆனபோது முதல் துணைவேந்தர் பேராசிரியர் வித்தியானந்தன். ஆரம்பத்தில் சிங்கள மாணவர்களும் படித்தார்கள். 1977 இனக்கலவரத்தோடு போய்விட்டார்கள். இதைச் சொல்லும்போது மட்டும் ஐயா ரோனியோவின் கைபிடியைச் சுற்றாமல் நிறுத்துவார்.

சரி, கூட்டத்துக்கு வருகிறேன். 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டப்படி ஒவ்வொரு பீடச் சபையிலும் மாணவர் பிரதிநிதிகள் இருவர் இருக்க வேண்டும். வேறு யாரும் முன்வராததால் இரண்டாம் வருடத்தில் அந்த இருவரில் ஒருவனாக நான் ஆகிவிட்டேன். பீடாதிபதி தலைமையில், துறைத் தலைவர்களும் விரிவுரையாளர்களும் சுற்றி இருக்க, மூலையில் நாங்கள் இருவர். பாடத்திட்டம் போன்ற படிப்பு விடயங்கள் இங்கே பேசப்பட்டு மூதவைக்கு, அதாவது செனட்டுக்கு, போகும். காசு, கட்டடம், நியமனம் எல்லாம் பேரவை. அதற்கும் மேலே கொழும்பில் மானியங்கள் ஆணைக்குழு. இந்தப் படிக்கட்டு எனக்கு அப்போது பெரிய அலுப்பு. ஒரு சின்ன விடயத்துக்கு இத்தனை கதவா என்று இருந்தது.

அது போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம். மின்சாரம் இல்லை. படிப்பு, ஜாம் போத்தல் விளக்கில். மோட்டார் சைக்கிள்கள் சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் குடித்து, பிறகு மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. ரோனியோ பேப்பருக்கு அவ்வளவு தட்டுப்பாடு. கூட்ட நிகழ்ச்சிநிரல் ஏதோ பழைய படிவத்தின் பின்பக்கத்தில் அடித்து வரும். ஆனால் வரும்.

ஒரு நாள் மூன்றாவது விடயம் முடிந்து நாலாவதைத் தொடங்கியிருந்தோம். ஆய்வுகூடத்துக்கு மண்ணெண்ணெய். பொம்மர், குண்டு போடும் விமானத்தின் சத்தம் கேட்டது. பேராசிரியர்கள், எழுதுவினைஞர், நாங்கள் எல்லோரும் படியிறங்கி ஓடிப் பதுங்குகுழிப் பங்கருக்குள் குந்தினோம். ஒரு மூத்த பேராசிரியர் செருப்பை மேலே விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு தரம் சுற்றிவிட்டுக் குண்டை வேறெங்கோ தூரத்தில் போட்டுப் போனது. மேலே வந்து, மண்ணைத் தட்டி, கதிரைகளில் இருந்தோம். பீடாதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எதில நிண்டனாங்கள்?"

"நாலாவது விடயம், சேர்."

அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்தபோது கவனித்துக் கேட்டேன். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஒதுக்கிய லீற்றர் எல்லாம் இருந்தன. பொம்மர் இல்லை. எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வருடங்களில் துணைவேந்தர் பேராசிரியர் துரைராசா, கம்பர்மலைக்காரர். சைக்கிளில் வருவார், தெரியாதவர்கள் யாரோ வாத்தியார் என்று நினைப்பார்கள். 1994 இல் அவர் இறந்தார். பல வருடம் கழித்து ரொறன்ரோவில் என் மகள் சிவில் பொறியியல் படிக்கும்போது ஒரு பெயரைக் காட்டி, "அப்பா, இவர் உங்கட ஆளோ?" என்றாள். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா. களிமண் எப்படி இளகி வழிவிடுகிறது என்று 1963 இல் மூவரும் எழுதிய கட்டுரை. எங்கட ஆள்தான் என்றேன். சைக்கிளைப் பற்றியும் சொன்னேன். நம்பவில்லை.

1995 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவைப் பற்றி இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. சைக்கிள் கரியரில் அரிசிச் சாக்கு, அதற்குள் விரிவுரைக் கொப்பிகள். தென்மராட்சியில் சில மாதம். 1996 இல் திரும்பி வந்தோம். மூன்று வருடப் பட்டத்தை 1997 இல் முடித்தேன். அப்புறம் கொழும்பு, அப்புறம் இங்கே.

நான் வந்த பிறகு கம்பஸ் நிறைய வளர்ந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகவே பிரிந்தது. அங்கே பிள்ளைகள் இன்னும் வவுனியா கம்பஸ் என்றுதான் சொல்கிறார்களாம்.

இங்கே வந்த புதிதில் பட்டத்தை மதிப்பிடக் கொடுத்தேன். மூன்று வருடப் படிப்புக்கு ஏன் ஐந்து வருடம், இடையில் சித்தியடையவில்லையா என்று கேட்டார்கள். எனக்கு விளக்கவே களைப்பாக இருந்தது. பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் வந்தது. கடிதத் தலைப்பு, கோவை இலக்கம், நான் சேர்ந்த திகதி, முடித்த திகதி, எந்தப் பரீட்சையிலும் தவறவில்லை என்று ஒரு வரி. கடைசியில், தாமதத்துக்குக் காரணம் மாணவருக்கு அப்பாற்பட்ட தவிர்க்க முடியாத சூழ்நிலை என்று இன்னொரு வரி. கையொப்பம், முத்திரை.

அதை இரண்டு தரம் வாசித்தேன். பொம்மர் இதிலும் இல்லை. கோபம் வரவில்லை, ஒரு பிரதி எடுத்துப் பைலில் வைத்துவிட்டு, அசலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்.