கறுத்த வெள்ளியும் என் வாய்மொழித் தேர்வும்

"வெள்ளி ஏன் கறுக்கிறது?" பழைய வெள்ளிப் பொருள்களைப் பாதுகாப்பது பற்றிய வாய்மொழித் தேர்வில் எனக்கு வந்த முதல் கேள்வி. பதற்றத்தில் ஆக்சிஜன் என்று சொல்லிவிட்டேன். தேர்வாளர் சிரிக்கவில்லை, ஊர் எது என்று கேட்டார். ராணிப்பேட்டை என்றேன். "அப்படியானால் தெரிந்திருக்க வேண்டுமே!" என்றார்.

தெரிந்திருக்க வேண்டியதுதான், எங்களுடையது தோல் பதனிடும் ஊர். தோல் பதனிடும்போது ரோமம் உதிரச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றில் அது துளி இருந்தாலே போதும், வெள்ளியின் மேல் கறுப்பான வெள்ளி சல்பைடு படிந்துவிடும். எங்கள் ஆயா கொலுசைக் கழற்றி விபூதி போட்டுத் தேய்க்கும்போதெல்லாம் ஊர்க் காற்றைத்தான் திட்டுவார். நான் அதைப் பாடத்தோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

இதே தலைப்பில் படிப்பவர்கள், புளி இந்தக் கறுப்பை எடுக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். நான் அப்படி இரண்டு பக்கம் எழுதினேன், வழிகாட்டி ஆசிரியர் கோடிட்டு அடித்துவிட்டார். கறுத்த மெட்டி ஒன்றைப் புளிக்கரைசலில் ஊறவைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: கறுப்பு அசையவில்லை. பளபளப்பைத் தருவது நம் கைத்தேய்ப்பு. தேய்ப்பில் வெள்ளியும் கொஞ்சம் போகிறது. 92.5 சதவீத வெள்ளியில் மீதி பெரும்பாலும் செம்பு. அந்தச் செம்பு விடும் பச்சைக் களிம்பைத்தான் புளியின் அமிலம் கரைக்கும். பூந்திக்கொட்டை நீர் எண்ணெய்ப் பிசுக்கையும் விளக்குக் கரியையும் எடுக்கும், சல்பைடை எடுக்காது.

தயோயூரியா என்ற வேதிப்பொருளின் கரைசல் சல்பைடை நொடிகளில் எடுத்துவிடும். 8 சதவீதம் தயோயூரியா, 5 சதவீதம் கந்தக அமிலம் என்ற அளவு மனப்பாடமாகவே இருக்கட்டும். ஆனால் பழைய மெட்டி ஒன்றை அதில் சற்றுக் கூடுதல் நேரம் விட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது பளபளப்பு இல்லை. வெளிறிப்போய், தேய்ந்த சுண்ணாம்புக்கட்டி போல இருந்தது. மேற்பரப்பு அரிக்கப்பட்டதால் மறுபடி சீக்கிரமே கறுத்தது. தயோயூரியா உடலுக்கும் ஆகாது. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும்.

அலுமினியத் தாள், ஆப்பசோடா, வெந்நீர் முறையில் சல்பைடு மீண்டும் வெள்ளியாகிறது. அழுகிய முட்டை நாற்றம் வரும். கல் பதித்த நகைக்கு இது வேண்டாம். நான் அதிகம் நம்புவது நுண்ணிய கால்சியம் கார்பனேட் தூளைத்தான். காய்ச்சி வடித்த நீரில் குழைத்து, மூங்கில் குச்சியில் சுற்றிய பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். பஞ்சு கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒரு குங்குமச் சிமிழுக்கு ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

வரலாற்றுக் கேள்வி ஒன்றே ஒன்று வந்தது: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிய ஆண்டு. 1930.

கடைசிக் கேள்விதான் மதிப்பெண் தந்தது. கறுப்பை எப்போது தொடக்கூடாது? செதுக்கிய பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பு ஏற்றியிருந்தால் என்றேன். அதைக் கரைசலில் முக்கி எடுத்தால் வேலைப்பாடே மங்கிவிடும். தங்க முலாம் பூசியதையும் சேர்த்துச் சொன்னேன். தேர்வாளர் பையிலிருந்து கறுத்த காசு ஒன்றை எடுத்து நீட்டி, "இதை என்ன செய்வீர்கள்?" என்றார். முதலில் உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டேன்.