ஆடிக் காற்றில் ஆறு ஒயர்லெஸ் மைக்: தேனியில் ஒரு சிங்க் சவுண்ட் அனுபவம்

டப்பிங் கிடையாது, படம் முழுக்க சிங்க் சவுண்ட்தான், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதிவது என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். ஒலிப்பதிவு என் பொறுப்பு. இடம் தேனி மாவட்டம், மாதம் ஆடி. அம்மியே பறக்கும் காற்று. அது போதாதென்று ஊருக்கு ஊர் அம்மன் கோயில் விசேஷம்.

தயாரிப்பு நிர்வாகி போனில் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி மைக் வேணும் சார்?" நான் திருப்பிக் கேட்டேன்: "பஞ்சாயத்து சீன்ல யார் யார் என்ன உடுத்துறாங்க?" கொஞ்ச நேரம் பதிலே இல்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டியிருந்தது. புளியமரத்தடியில் ஆறு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டுப் பேசும் காட்சி. பெரும்பகுதி வைடு ஷாட். குளோஸப் என்றால் சென்ஹைசர் 416 மைக்கை பூம் என்கிற நீளக் கம்பில் கட்டி, தலைக்கு மேலே ஒன்றரை அடியில் பிடித்துவிடலாம். வைடில் பூம் ஃபிரேமுக்கு வெளியே ஏற ஏற, வசனத்தைவிட புளிய இலையின் சலசலப்புதான் அதிகம் பதியும். ஆக, ஆறு பேருக்கும் உடம்பில் மைக்.

சாலிகிராமத்தில் வாடகைக்கு எடுத்த ஒயர்லெஸ் செட்டுகள் சென்ஹைசர் ஜி வரிசை. நடிகர் உடம்பில் ஒரு டிரான்ஸ்மிட்டர், என் பக்கம் அதைக் கேட்கும் ஒரு ரிசீவர். பெட்டியைத் திறந்ததும் நான் பார்த்தது ரிசீவரில் அச்சிட்டிருக்கும் பேண்ட் எழுத்தை, அதாவது அது எந்த அலைவரிசைப் பட்டையில் ஓடும் என்பதை. பாதி செட்டுகள் 'ஏ', அதாவது 516 முதல் 558 மெகாஹெர்ட்ஸ். மீதி 'சி', 734 முதல் 776. 'சி' வேண்டாம் என்று அங்கேயே சொன்னேன். 2022 ஆகஸ்ட்டில் முடிந்த ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு பகுதியை ஜியோ நாடு முழுவதற்கும் வாங்கிவிட்டது. அந்தப் பட்டையில் போனிலிருந்து டவருக்குப் போவது 703–748, டவரிலிருந்து போனுக்கு வருவது 758–803. ஆக 'சி' செட்டின் மேலே ஒரு பக்கம் டவர், கீழே ஒரு பக்கம் யூனிட்டில் எல்லோர் பையிலும் இருக்கும் போன். "போன மாசம்கூட ஒரு ஷூட்டுக்குப் போச்சே சார், நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்கள். அரைநாள் உட்கார்ந்திருந்து எல்லாவற்றையும் 'ஏ'வாக மாற்றிக்கொண்டுதான் கிளம்பினேன்.

எந்த அலைவரிசை காலியாக இருக்கிறது என்று ஸ்கேன் செய்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காலி மைதானத்தில் முதல்நாள் செய்த ஸ்கேனை நான் நம்புவதில்லை. ஜெனரேட்டர் ஓடி, லைட் எரிந்து, மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரும் வேலை செய்யும்போதுதான் அந்த இடத்தின் உண்மையான இரைச்சல் தெரியும். ஸ்கேனில் சுத்தமாகத் தெரிந்த எண்களைச் சம இடைவெளியில் அடுக்குவதும் ஆபத்து. உதாரணத்துக்கு 520.0, 520.5, 521.0 என்று மூன்று சேனல் வைத்தால், நடுவிலுள்ளதை இரட்டித்து முதலாவதைக் கழித்துப் பாருங்கள்: சரியாக 521.0 வரும். முதல் இரண்டு டிரான்ஸ்மிட்டரும் அருகருகே நிற்கும்போது, அவை கலந்து உண்டாகும் போலி அலை மூன்றாமவரின் சேனலில் போய் உட்காரும். பஞ்சாயத்துக் காட்சியில் எல்லோரும் அருகருகேதான் நிற்பார்கள். ஒரே பேங்க்கில், அதாவது செட்டிலேயே பதிந்து வரும் ஒரே தொகுப்பில் உள்ள சேனல்களை இப்படி மோதாதபடி கம்பெனியே கணக்கிட்டு வைத்திருக்கிறது. அந்த ஒரு பேங்க்கை விட்டு வெளியே போகாமல் ஆறையும் எடுத்தேன்.

பிறகு ஒரு சோதனை. ஆறு டிரான்ஸ்மிட்டரையும் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. அணைத்தவரின் ரிசீவரில் சிக்னல் முள் கீழே விழ வேண்டும். விழாமல் நின்றால் அந்தச் சேனலில் வேறு ஏதோ குடியிருக்கிறது. ஒன்று அப்படி நின்றது, அதை மாற்றினேன். ஆன்டெனாவை ஸ்டாண்டில் கட்டி, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஏற்றி, நடிகர்களை நோக்கித் திருப்பியதோடு ரேடியோ சமாச்சாரம் முடிந்தது. ஒரே காலையில் தீர்ந்துவிட்ட வேலை இது.

தீராதது துணி வேலை.

மைக்கில் கேட்கும் கரகரப்பு இரண்டு துணி ஒன்றோடொன்று உரசுவதால் வருவது, இல்லையென்றால் துணி மைக்கில் உரசுவதால் வருவது. இரண்டையும் டேப்பால் ஒட்டி, துணியும் மைக்கும் சேர்ந்தே அசையும்படி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை போகும். மீதிப் பாதி துணியின் குணம். அதனால் காஸ்ட்யூமர் அண்ணனிடம் முன்பே கெஞ்சியிருந்தேன்: "வேட்டி, சட்டை எதுக்கும் கஞ்சி போடாதீங்கண்ணே. புதுத்துணிய நாலு தடவ அலசிக் குடுங்க." தலைவராக நடித்தவரின் சட்டைக்கு மட்டும் விறைப்பு வேண்டும் என்று இயக்குநர் சொல்ல, பட்டன் பட்டிக்கு உள்பக்கம் மட்டும் கஞ்சியில்லாமல் விட்டுக்கொடுத்தார் அண்ணன். மைக் உட்கார அந்த இரண்டு அங்குலம் போதும்.

பெரியவர் வேடத்தில் நடித்தவர் மேடை நாடகக்காரர். சட்டையே கிடையாது, தோளில் துண்டு மட்டும். துண்டின் மடிப்பில் மைக்கை வைத்தேன். முதல் ஒத்திகையிலேயே உணர்ச்சிவசப்பட்டு அதே துண்டால் முகத்தைத் துடைத்தார். ஹெட்போனில் இடி. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "இடுப்புல இன்னொரு சின்னத் துண்டு கட்டிக்கிறேன் தம்பி, தொடைக்க அத எடுத்துக்கிறேன்" என்றார். டிரான்ஸ்மிட்டரை அரைஞாண் கயிற்றில் செருகிக்கொள்ளவும் தயாராக இருந்தார். இரண்டு பேட்டரி கனத்துக்குக் கயிறு தாங்காமல் சரியும் என்பதால் எலாஸ்டிக் பெல்ட்தான் கட்டினோம். வியர்வைக்கு, எங்கள் தொழிலில் பலரும் செய்வதுபோல, எண்ணெய்ப் பசையில்லாத ஆணுறையை டிரான்ஸ்மிட்டருக்கு மாட்டினோம். அதை வாங்கப் போன உதவியாளர் மெடிக்கல் ஷாப்பில் பில் கேட்டிருக்கிறார், "சவுண்ட் டிபார்ட்மென்ட்டுக்கு" என்று. அந்த பில் இன்றும் புரொடக்‌ஷன் கணக்கில் இருக்கும். ஈரமான தோலில் ஆன்டெனா வயர் ஒட்டிக்கொண்டால் சிக்னலை உடம்பே குடித்துவிடும். அதனால் வேட்டி மடிப்புக்கு வெளிப்பக்கம் வரும்படி அதைத் திருப்பி விட்டோம்.

பாட்டியாக நடித்தவர் உள்ளூர்க்காரர். கண்டாங்கிச் சேலை, ரவிக்கை கிடையாது, காதில் தண்டட்டி. எங்கள் சவுண்ட் குழுவில் பெண்கள் யாரும் இல்லை. மைக்கை எப்படி ஒட்டுவது, வயர் இழுபடாமல் இருக்க எப்படி ஒரு சின்ன வளையம் விடுவது என்று காஸ்ட்யூம் அக்காவுக்கு முதல்நாள் மாலையே என் சட்டையில் செய்து காட்டியிருந்தேன். அவர் என்னைவிடச் சுத்தமாகச் செய்தார். பலமுறை துவைத்த பருத்திச் சேலை, முணுக்கென்று சத்தமில்லை. அந்தக் காட்சியிலேயே நல்ல டிராக் பாட்டியுடையதுதான்.

காற்றுக்கு, துணிக்குள் இருக்கும் மைக் தலைக்கும் ஒரு சின்ன ரோம உறை. பூம் மைக்குக்கு ஒரு காற்றுத்தடுப்புக் கூடு, அதன்மேல் ரோமப் போர்வை. லெவலை டிரான்ஸ்மிட்டரிலேயே தாழ்த்தி வைத்தேன். ரெக்கார்டரில் 32 பிட் ஃப்ளோட் இருக்கிறதே, எவ்வளவு உரத்த குரலும் உடையாமல் பதியுமே என்று தைரியம் சொல்வார்கள். டிரான்ஸ்மிட்டரிலேயே உடைந்து வரும் குரலை அது ஒட்டித் தராது, பெரியவரோ திடீரென்று உச்சத்துக்குப் போகிறவர்.

கடைசிச் சிக்கல் கோயில் குழாய் ஸ்பீக்கர். கட்டியிருந்தவரைத் தேடிப் போனேன். "நீங்களும் மைக் செட்டா தம்பி?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "சாமி பாட்ட நிப்பாட்ட முடியாது. கொழாய வேணா அந்தப் பக்கமாத் திருப்பி வைக்கிறேன். டேக்குன்னா ஒரு மிஸ்டு கால் குடுங்க, சவுண்டக் கொறச்சுக்கிறேன்." சொன்னபடியே செய்தார். அனுமதிக் கடிதம் வாங்க அலைந்துகொண்டிருந்த மேனேஜருக்கு இது கடைசிவரை தெரியாது.

அப்படியும் சில வரிகளில் பாட்டு கசிந்தது. சாப்பாட்டு இடைவேளைக்கு முன், கேமரா இல்லாமல், அதே மரத்தடியில் அதே மைக்குகளோடு அந்த வரிகளை மட்டும் வைல்டாகப் பேசவைத்துப் பதிந்துகொண்டேன். கூடவே யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் இடத்தின் ஒலியையும். எந்த டேக்கில் யார் டிராக்கில் உரசல், எந்த வரிக்கு வைல்ட் இருக்கிறது என்று சவுண்ட் ரிப்போர்ட்டில் எழுதி, ஆறு மைக்கும் பூமும் தனித்தனி டிராக்காக உள்ள ஹார்ட் டிஸ்க்கோடு அன்றிரவே எடிட்டிங் உதவியாளரிடம் கொடுத்துவிட்டேன்.