மைதானத்துக்கு எந்த இடம்?

புதிய கால்பந்து மைதானத்துக்கு இடம் தேடும்போது, நிலம் மலிவாகக் கிடைக்கிறதா என்பதையே பலரும் முதலில் பார்க்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் எப்படி வீடு திரும்புவார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நடந்து செல்லும் தொலைவில் ரயில் நிலையம் இல்லையென்றால், தூங்கிவிட்ட குழந்தையைத் தோளில் சுமந்தபடி படியிறங்கும் தந்தை, நள்ளிரவு வரை சாலையோரத்திலேயே நிற்க நேரிடும். ஒரே நிலையத்தை நம்பியிருப்பதும் போதாது. கூட்டம் பல திசைகளில் பிரிந்தால்தான் நெரிசல் குறையும்.

லண்டனின் ஆர்சனல் அணி, 2006இல் ஹைபரி என்ற தன் பழைய மைதானத்தை விட்டுச் சுமார் 500 மீட்டர் தொலைவிலேயே புதிய மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்காக அங்கிருந்த, குப்பையைத் திரட்டி வெளியே அனுப்பும் நிலையத்தையே வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது என்றாலும், ரசிகர்கள் பழகிய தெருக்களை இழக்கவில்லை. அந்தச் சிரமம் தகும் என்றே நான் கருதுகிறேன்.

ஆடுகளம் 105க்கு 68 மீட்டர்தான். ஆனால் அதன் நீளவாட்டம் ஏறத்தாழ வடக்கு தெற்காக அமையும் அளவுக்கு மனை இடங்கொடுக்க வேண்டும், இல்லையேல் மாலை வெயில் கோல்கீப்பரின் கண்ணில் நேராக அடிக்கும். மழைநீர் தேங்கும் தாழ்நிலத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.