யார் பக்கத்திலிருந்து வந்தது?

மரபணு ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் முதல் கேள்வியைப் பெரும்பாலும் மாமியார்தான் கேட்பார். "எங்க பக்கத்துல யாருக்கும் ஆட்டிசம் இல்லையே, இது எங்கேர்ந்து வந்தது?" கேள்வி எனக்கு, பார்வை மருமகள் மேல்.

இந்தப் பழி பழையது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் மருத்துவர்களே, தாயிடம் பாசம் போதாததால் வருகிறது என்றார்கள். 1977இல் ஃபோல்ஸ்டைனும் ரட்டரும் பிரிட்டனில் 21 இரட்டையர் ஜோடிகளைப் பார்த்தார்கள். ஒரே கருமுட்டையில் உருவான 11 ஜோடிகளில் 4இல் இருவருக்குமே ஆட்டிசம். தனித்தனிக் கருமுட்டையில் உருவான 10இல் ஒன்றில்கூட அப்படி இல்லை. 2019இல் ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு, மரபின் பங்கு ஏறக்குறைய 80 சதவீதம் என்றது. இதைப் படித்துவிட்டு, அடுத்த குழந்தைக்கும் 80 சதவீதம் வந்துவிடும் என்று பயந்து வருபவர்கள் உண்டு. அப்படி இல்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றம் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு. அதைச் சொல்லும்போது அம்மாக்கள் அழுதுவிடுவார்கள்.

ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் அப்படி வராது. ஒரு பையனுக்கு, குரோமோசோம்களில் கூடுதலோ குறைவோ இருக்கிறதா என்று பார்க்கும் மைக்ரோஅரே பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. சரி என்று மறுபடி வம்சாவளிப் படம் வரைய உட்கார்ந்தோம். அம்மாவின் அப்பாவும் வந்திருந்தார். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது வலது கை நடுங்க, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். "வயசாயிடுச்சும்மா" என்றார். பையனின் பெரியம்மாவுக்கு நாற்பதுக்கு முன்னாலேயே மாதவிடாய் நின்றிருந்தது. பேரனுக்கு ஆட்டிசம், பெரியம்மாவுக்கு இப்படி, தாத்தாவுக்கு நடுக்கம். இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் என்றால், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் கோளாறான ஃப்ரஜைல் எக்ஸ் நினைவுக்கு வரும். அதற்கான பரிசோதனை செய்யச் சொன்னேன். மைக்ரோஅரேயில் அது தெரியாது, தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

எஃப்எம்ஆர்1 என்ற அந்த மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 முறைக்கு மேல் திரும்ப வந்தால் அந்த மரபணு வேலை செய்யாமல் போகும். பையனுக்கு அதுதான். 55 முதல் 200 வரை என்றால் ப்ரீமியூட்டேஷன், அதாவது முழு மாற்றத்துக்கு முந்தைய நிலை. வயதான பின் நடுக்கமும், பெண்களுக்கு மாதவிடாய் சீக்கிரம் நிற்பதும் இதனால் வரலாம். தாத்தாவிடமும் அம்மாவிடமும் அது இருந்தது. அம்மா வழியாக வரும்போது நீண்டுவிட்டது.

அதாவது, அம்மா பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. மாமியார் இல்லாதபோது சொல்லலாமா என்று அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "எல்லாரும் இருக்கும்போதே சொல்லுங்க மேடம், நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். அவர் கேட்டது நியாயம். அப்பாவின் ஒரே எக்ஸ் குரோமோசோம் எல்லா மகள்களுக்கும் போய்த்தான் ஆக வேண்டும், இதில் யாருடைய தப்பும் இல்லை என்று படத்தைக் காட்டிச் சொன்னேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. தாத்தாவை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பினோம்.

பையனின் பேச்சுப் பயிற்சி அப்படியே தொடர்ந்தது. அப்புறம் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சித்தி வந்தாள். அவளுக்கும் அது உண்டு என்பது தெரிந்ததுதான், எத்தனை முறை என்று மட்டும் பார்க்க வேண்டியிருந்தது. "மாப்பிள்ளை வீட்ல சொல்லணுமா?" என்று கேட்டாள். அது அவள் எடுக்க வேண்டிய முடிவு. கருவுற்றால் 11ஆவது வாரத்திலிருந்தே பரிசோதித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.