நொடிக்கு 15 வில்நொடி

கோயம்புத்தூரில் மென்பொருள் பொறியாளர் என்று சொன்னால், சரவணம்பட்டியா கீரணத்தமா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். மலைமேல் இருக்கும் ஒரு வானாய்வகத்துக்கு வேலை செய்கிறேன் என்று நான் சொல்லும்போது பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. "ஏங்கண்ணு, ராத்திரி பூரா நட்சத்திரம் பாக்கறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க?" என்று பெரியப்பா கேட்டார். நான் நட்சத்திரம் பார்ப்பதில்லை. பார்ப்பவர்களுக்காகத் தொலைநோக்கியைத் திருப்பி, கேமராவைத் திறந்து மூடி, கிடைத்ததைக் கோப்பாக எழுதிவைக்கும் நிரல்களைப் பராமரிக்கிறேன்.

இதற்கு முன்பு திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பில்லில் நேரம் சற்று முன்பின்னாகப் பதிவானால் யாரும் கவலைப்படமாட்டார்கள். இங்கே என் உழைப்பில் பெரும்பகுதி நேரத்தைச் சரியாக வைத்திருப்பதிலேயே கழிகிறது.

விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் பூமி ஒரு சுற்றை 23 மணி 56 நிமிடம் 4 நொடியில் முடிக்கிறது. ஆகவே வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோட்டுக்கு) அருகிலுள்ள விண்மீன் நொடிக்கு 15 வில்நொடி நகர்கிறது. வில்நொடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. கணினிக் கடிகாரம் ஒரே ஒரு நொடி பிசகினாலும் குறி அந்த அளவுக்குத் தவறும். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில், ஒன்றிரண்டு வில்நொடி அகலமே உள்ள பிளவுக்குள் ஒளி விழவே விழாது. ஜி.பி.எஸ். கருவியிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதிலும் கவனம் வேண்டும். பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போவதற்காக உலகப் பொது நேரத்தில் (UTC) அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் நொடிகளை ஜி.பி.எஸ்.ஸின் உள்நேரம் சேர்த்துக்கொள்வதில்லை என்பதால், 2017 தொடக்கத்திலிருந்து அது உலகப் பொது நேரத்தைவிட 18 நொடி முன்னால் ஓடுகிறது. கருவி தருவது எந்த நேரம் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளும் நிரல், தொலைநோக்கியை முழுநிலவின் விட்டத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தள்ளி நிறுத்திவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி, ஊட்டிக்கு அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை வரும். 1970-இல் இயங்கத் தொடங்கிய அது, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளை. அவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த சரிவில் வடக்கு தெற்காக அதைக் கட்டியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் சீராகச் சுழற்றினாலே விண்பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. எங்கள் தொலைநோக்கியோ மேல்கீழ், பக்கவாட்டு என்ற இரண்டு அச்சுகளிலும் மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில் நகரவேண்டும், போதாததற்குப் படம் சுழன்றுவிடாமல் இருக்கக் கேமராவையும் தனியே சுழற்றவேண்டும். அங்கே மலைச்சரிவு செய்துகொடுத்த வேலையை இங்கே நான் நிரலில் செய்கிறேன்.

குறி தவறாமல் இருந்தால் மட்டும் போதாது, எப்போது பார்த்தோம் என்பதும் பதிவில் இருக்கவேண்டும். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூர் வானாய்வகத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும், அமெரிக்கர்கள் விமானத்தில் பொருத்தியிருந்த தொலைநோக்கியிலும், அந்த விண்மீன் மறைப்புக்கு வெளியேயும் சில நொடிகள் மங்கி மீண்டது பதிவாயிற்று. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அப்படித்தான். வெவ்வேறு இடத்துப் பதிவுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க, ஒவ்வொன்றிலும் நேரம் துல்லியமாக இருந்தாகவேண்டும்.

எங்கள் கோப்புகளில் இந்திய நேரத்தை எழுதுவதில்லை. உலகப் பொது நேரத்தின் தேதி நமக்குக் காலை 5.30-க்குத்தான் மாறுகிறது என்பதால், இந்தியாவில் ஓர் இரவு ஏறக்குறைய முழுவதுமாக ஒரே தேதிக்குள் அடங்கிவிடும். அட்லாண்டிக் கடலில் கேனரித் தீவுகளின் வானாய்வகங்களில் இருப்பவர்களுக்கு நள்ளிரவிலேயே தேதி மாறிப்போகும். கோப்பின் வடிவம், வானியல் படங்களுக்காக 1981-இல் வெளியான ஃபிட்ஸ் (FITS). 80 எழுத்து கொள்ளும் அட்டையில் துளையிட்டுக் கணினிக்குத் தகவல் கொடுத்த காலத்தை நினைவூட்டும்படி, அதன் தலைப்பில் ஒவ்வொரு வரியும் இன்றும் 80 எழுத்துதான். பார்க்க அழகில்லைதான், ஆனால் ஒரு காலத்தில் சரியாக எழுதப்பட்ட கோப்பு எந்தக் காலத்திலும் செல்லுபடியாக வேண்டும் என்ற அதன் விதியை, ஆண்டுதோறும் எல்லாவற்றையும் மாற்றியெழுதச் சொல்லும் இணைய மென்பொருள்காரர்கள் கொஞ்சம் கடன் வாங்கலாம்.

மழை விஷயத்தில் மட்டும் என் நிரலை நம்பக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சோமனூர் விசைத்தறியில் ஊடை அறுந்தால் யாரையும் கேட்காமல் தறி நின்றுவிடுவதுபோல, மழை உணரி நேரடியாகத் தொலைநோக்கியை மூடிக் காக்கும் குவிமாடத்தின் மோட்டாரோடு இணைக்கப்பட்டிருக்கிறது. என் நிரலிலிருந்து குறிப்பிட்ட இடைவெளியில் சமிக்ஞை வராமல் போனாலும் குவிமாடம் மூடிக்கொள்ளும். தெளிந்த வானம் இருக்கும் மாதங்களில் நிரலில் எதையும் மாற்ற எங்களுக்கு அனுமதி இல்லை. புதிய பதிப்புகள் எல்லாம் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, வானம் மூடிக்கிடக்கும் நாள்களுக்காகக் காத்திருக்கும். ஊரில் எல்லோரும் ஆடிப்பட்டம் விதைக்கும் நேரத்தில்தான் எனக்கும் வேலை நெருக்கும்.